இயந்திரத்தின் மூச்சு

உண்ணும் உணவை ஆராயும் நாம் உட்கொள்ளும் காற்றை ஆராய்வதில்லை. மோட்டார்ச் சைக்கிள் விடயத்திலும் அவ்வாறே. பெற்றோலை எண்ணுவோம், காற்றை எண்ணோம். ஆயினும் ஒரு கிராம் பெற்றோல் செவ்வனே எரிவதற்கு ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும்.

வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி விரைவில் அடைபடுகிறது. காபரேற்றர் உள்ள வண்டியாயின் பெற்றோல் முற்றாக எரியாது கரும்புகையாகும். 2022ஆம் ஆண்டில் வாரம் 4 லீற்றர் பங்கீட்டிற்காக வரிசையில் நின்றோர் இவ்விழப்பை நன்குணர்வர்.

அண்மையில் எங்கள் வண்டிக்குப் புதிய வடிகட்டி மாற்றுகையில், "இது இல்லாமல் ஓடினால் வேகம் கூடுமாமே, அப்பா?" என்றான் மகன். பெட்டியின் அடியிற் படிந்திருந்த மணலை விரல்களிடையே தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். "பிஸ்ரனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் இது புகுந்தால்?" அவனே பெட்டியைத் துடைத்து, விளிம்பில் இடைவெளி விழாதவாறு வடிகட்டியைப் பொருத்தி, மூடியை இறுக்கினான்.

காவலின் அருமை, காவல் நீங்கிய பின்னரே பலருக்குத் தெரிகிறது. அதற்கு முன்பே தெரிந்துகொள்வது அறிவுடைமை.