பதினொராம் நிறமூர்த்தம்

எங்கள் சாச்சியின் மகனுக்கு இப்போது 7 வயது. நான்கு கிழமைக்கு ஒருமுறை அவனுக்கு இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய மறுநாள் வளவு முழுக்க ஓடித் திரிவான். மூன்றாம் கிழமை முடியும்போது உதடு வெளுத்துவிடும். உம்மாவின் மடியை விட்டு இறங்க மாட்டான். நாட்காட்டி பார்க்காமலே அவன் முகத்தைப் பார்த்து வைத்தியசாலைக்குப் போகும் நாளைச் சொல்ல எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு இருப்பது தலசீமியா.

கிரேக்க மொழியில் தலசா என்றால் கடல். 1925இல் அமெரிக்காவில் தோமஸ் கூலி என்ற சிறுவர் வைத்தியர் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதினார். மத்தியதரைக் கடலோர நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் கண்டதால் பின்னர் இந்தப் பெயர் வந்தது. கடலுக்கும் நோய்க்கும் வேறு சம்பந்தம் இல்லை. "நாமளும் கடலோரத்திலதானே இரிக்கிற" என்று மூத்தம்மா கவலைப்பட்டபோது இதைத்தான் சொன்னேன். அவருக்கு அரைவாசிதான் நம்பிக்கை.

நோயை விடச் சாச்சியைச் சுட்டது ஊரின் வாய். "அவள்ற பக்கத்து இரத்தம்" என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். சாச்சாவின் பக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாச்சியும் மறுத்துப் பேசவில்லை. பிள்ளையைப் பெற்றது தான்தானே என்று அவரும் நம்பிவிட்டார் போல.

நான் உயர்தரத்தில் உயிரியல் எடுத்த வருடம் பரம்பரையியல் அலகு வந்தது. ஈமோகுளோபினில் இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் உண்டு. அவற்றில் பீட்டாச் சங்கிலியை ஆக்கும் பரம்பரையலகு பதினொராம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. எல்லோரிடமும் அதில் இரண்டு பிரதிகள்: ஒன்று உம்மா தந்தது, மற்றது வாப்பா தந்தது. ஒன்று பழுதானால் மற்றது சமாளித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்குப் பெயர் காவி. அவர் நோயாளி அல்ல. படிப்பார், உழைப்பார், பிள்ளை பெறுவார், தான் காவி என்று அறியாமலே மௌத்தாகியும் போவார். இரண்டு காவிகள் மணந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில் நோய் வரும். கொப்பியில் நான்கு பெட்டி கீறி இதைப் படித்த அன்று பின்னேரமே சாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்படியில் இருந்தார். அதே பெட்டிகளைக் கீறிக் காட்டி, "சாச்சி, இதுல பாதி சாச்சாட" என்றேன். அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். "இத கொஞ்சம் பெருசாக் கீறித் தா மகள்" என்றார். இப்போதும் அது அவர் அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

மகனின் இரத்தம் பரம்பரையலகுப் பரிசோதனைக்கும் போயிருந்தது. ஒரே பக்கத்து அறிக்கை. ஐ.வி.எஸ். 1-5 என்று அதில் இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் பெருமளவு காணப்படும் மாற்றம் அது. பீட்டாப் பரம்பரையலகின் ஓர் இடத்தில் ஜீ என்ற எழுத்து இருக்க வேண்டும். அங்கே சீ இருக்கிறது. வேறொன்றும் இல்லை. அந்த ஒரு எழுத்தால் கலம் தன் செய்தியைப் பிழையான இடத்தில் வெட்டி ஒட்டுகிறது. பீட்டாச் சங்கிலி கிட்டத்தட்ட உருவாவதே இல்லை.

மனிதனின் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 300 கோடி எழுத்து. அதற்குள் ஓர் எழுத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாகிவிட்டது. தெரிந்த ஓர் எழுத்தைச் சோதிக்கப் பழைய முறைகளே போதும். ஆனால் முழுவதையும் வாசிப்பது வேறு கதை, அதில் சென்னையில் பிறந்த ஒருவருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. சங்கர் பாலசுப்பிரமணியன், பிறப்பு 1966. குழந்தையாக இங்கிலாந்துக்குப் போய், கேம்பிரிட்ஜில் இரசாயனவியலாளர் ஆனவர். 1990களின் பிற்பகுதியில் அவரும் டேவிட் கிளெனர்மனும் சேர்ந்து ஒரு முறையைக் கண்டார்கள். டீ.என்.ஏ.யைச் சிறு துண்டுகளாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். ஒவ்வொரு துண்டும் அதே இடத்தில் பல பிரதிகளாகப் பெருகி ஒரு சிறு கொத்தாகும். பிறகு நான்கு எழுத்துக்கும் நான்கு நிறம் பூசி உள்ளே விடுவார்கள். ஒரு தடவைக்கு ஓர் எழுத்துத்தான் ஒட்டும். ஒட்டியதும் ஒளி பாய்ச்சிப் படம் பிடிப்பார்கள். நிறத்தை வெட்டிக் கழுவிவிட்டு அடுத்த எழுத்து, அடுத்த படம். கோடிக்கணக்கான புள்ளிகள் மின்னும் அந்தப் படங்களில் எந்தப் புள்ளி எத்தனையாவது படத்தில் என்ன நிறம் என்று கணினி பார்த்து எழுத்தாக்கும். பரம்பரையலகை வாசிப்பது என்று நாம் சொல்வது உண்மையில் கணினி படம் பார்ப்பதுதான்.

படம் என்றால் கமெரா வேண்டும். வில்லர்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் 1969இல் பெல் ஆய்வுகூடத்தில், ஒளி விழுந்தால் சிலிக்கனில் விடுபடும் இலத்திரன்களைச் சிறு கிணறுகளில் சேர்த்து எண்ணும் சில்லைத் திட்டமிட்டார்கள். 2009இல் அதற்கு நோபல் பரிசு. நம் கைத்தொலைபேசியின் கமெராவும் அந்தக் குறைகடத்திக் குடும்பத்தின் வாரிசுதான்.

எனக்குப் பிடித்த கதை ஜொனதன் ரொத்பேர்க் உடையது. பிறந்த குழந்தை தீவிர சிகிச்சையில் இருக்க, வைத்தியசாலையில் காத்திருந்த தகப்பன் அவர். கையில் கிடைத்த சஞ்சிகையில் ஒரு கணினிச் சில்லின் படம் இருந்தது. ஒரு சில்லில் இத்தனை திரான்சிஸ்ரரை நெருக்கமாக அடுக்கலாம் என்றால் டீ.என்.ஏ. வாசிப்பையும் அப்படி அடுக்கலாமே என்று தோன்றியதாம். பிற்காலத்தில் அவருடைய குழு ஒளியே தேவையில்லாத ஒரு சில்லைச் செய்தது. டீ.என்.ஏ.யில் ஓர் எழுத்து சேரும்போது ஓர் ஐதரசன் அயன் வெளிவரும். அந்தச் சிறு அமிலத்தன்மையைச் சிலிக்கன் உணரும். 2011இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் வாசித்தது கோர்டன் மூரின் பரம்பரைச் செய்தியை. சில்லுகளில் திரான்சிஸ்ரர் எண்ணிக்கை இரட்டித்துப் போகும் என்று சொன்னாரே, அதே மூர்தான்! வைத்தியசாலை வாங்கில் இருந்து பழைய சஞ்சிகை புரட்டும் சாச்சியை நினைத்துக்கொண்டு இதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன்.

முதல் மனிதப் பரம்பரைச் செய்தியை வாசிக்க 1990இலிருந்து 2003 வரை சென்றது. திட்டத்தின் செலவு 300 கோடி டொலர் அளவில். எழுத்துக்கு ஒரு டொலர். இன்று முழுவதும் 1000 டொலருக்குள். வாசித்ததில் எது உண்மையான மாற்றம், எது இயந்திரத்தின் தடுமாற்றம் என்று பிரிக்க கூகிள் நிறுவனத்தார் எழுத்துகளை மீண்டும் படமாக அடுக்கி, புகைப்படத்தில் பூனையையும் நாயையும் இனங்காணும் அதே வகைக் கணினி வலையமைப்பிடம் கொடுத்தார்கள். அது நன்றாகவே பிரித்தது.

இந்த நேரத்தில்தான் ராத்தாவுக்கு மாமி மகனைப் பேசினார்கள். சிறுவயதிலேயே சொல்லி வைத்த சம்பந்தம். ராத்தாவின் வீடு கூரை மட்டத்துக்கு எழும்பியிருந்தது. சாச்சி காவி என்றால் உம்மாவும் காவியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, ராத்தாவுக்கு நான்கில் ஒன்று. மாமி வீடும் நமக்கு இரண்டு மூன்று வழியில் சொந்தம். நான் இதை உம்மாவிடம் சொன்னேன். உம்மா வாப்பாவிடம் சொன்னார். மூத்தம்மாதான் எழும்பினார்: "இரத்தம் பாத்தா கலியாணம் முடிக்கிற? நாங்கெல்லாம் முடிக்கல்லயா?"

அவரை இளக்கியது என் உயிரியல் கொப்பி அல்ல. சவூதியில் வேலை செய்யும் மாமா தொலைபேசியில் சொன்ன ஒரு செய்தி. அங்கே 2004இலிருந்து தலசீமியாப் பரிசோதனைச் சான்று இல்லாமல் திருமணம் பதிய முடியாது. முடிவு எப்படி வந்தாலும் முடிப்பதும் விடுவதும் அந்த இருவர் விருப்பம். "அங்கயும் பாக்கிறாங்களாமா?" என்றார் மூத்தம்மா. மறுகா ஒன்றும் பேசவில்லை. நம் நாட்டில் சட்டக் கட்டாயம் கிடையாது. திருமணத்துக்கு முன் பார்க்கச் சொல்லிச் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டிருக்கிறது. கருவில் கண்டுபிடித்தாலும் தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பு இங்கே சட்டப்படி இல்லை. ஆகவே முன்கூட்டிப் பார்ப்பதைத் தவிர நமக்கு வேறு கதவு அதிகம் இல்லை.

பரிசோதனைக்கு நான் மேலே எழுதிய பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சாதாரண முழுக் குருதிப் பரிசோதனை முதலில். எம்.சீ.வீ. என்ற எண், அதாவது செங்குருதிக் கலத்தின் பருமன், 80க்குக் கீழே என்றால் சந்தேகம். இரும்புச் சத்துக் குறைந்தாலும் அப்படி வரும் என்பதால் அடுத்ததாக ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஏ2 என்ற வகை நூற்றுக்கு 3.5க்கு மேல் என்றால் பெரும்பாலும் காவி.

ராத்தாவுக்கு 5.1. மச்சானுக்கு 4.8.

வீட்டில் ஒருவரும் அழவில்லை. மேசன்மார் அடுத்த நாளும் வந்து வேலை செய்தார்கள். மாமி இரண்டு மாதம் எங்கள் படலைக்குள் வரவில்லை. சாச்சியின் மகன் இல்லாத குடும்பமாக இருந்திருந்தால் ஒருவேளை "அல்லாஹ் பாதுகாப்பான்" என்று காவின் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு மாதமும் ஊசி குத்துவதைப் பார்த்தவர்களால் அது முடியவில்லை. அந்தப் பேச்சை நிறுத்தியது மச்சான்தான். அடுத்த கிழமை தன் இரண்டு தங்கச்சிமாரையும் தானே கூட்டிப்போய் இரத்தம் பார்த்தார். ராத்தா அதைக் கேள்விப்பட்டு, "அவர் நல்லவர்தான்" என்று மட்டும் சொன்னாள். அன்றிரவு அவள் பக்கத்தில்தான் நான் படுத்தேன், அவளும் உறங்கவில்லை.

இந்த மாற்றம் ஏன் நம்மிடம் இத்தனை பரவலாக இருக்கிறது என்று மூத்தம்மா ஒருநாள் கேட்டார். காவிகளை மலேரியா அவ்வளவாகக் கொல்லாது. மலேரியா இருந்த நாடுகளிலெல்லாம் அவர்கள் தப்பிப் பெருகினார்கள் என்றேன். இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. மலேரியா போய்விட்டது, அதற்குப் போட்ட கவசம் இன்னும் இரத்தத்தில் இருக்கிறது. "அப்ப, மூத்தாப்பாமாரக் காப்பாத்தினதுதான் இப்ப நம்மட புள்ளயக் கஷ்டப்படுத்துதா?" என்றார். இதைவிடச் சரியாக என் ஆசிரியை கூட விளக்கியதில்லை.

சுகமாக்கும் வழியும் வந்துகொண்டிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலிருந்தே எலும்பு மச்சை மாற்றுகிறார்கள்; பொருந்தும் சகோதரம் வேண்டும், சாச்சிக்கு இருப்பது ஒரே பிள்ளை. நோயாளியின் சொந்தக் கலங்களையே எடுத்து, கருப் பருவ ஈமோகுளோபின் மறுபடி சுரக்கும்படி பரம்பரையலகை வெட்டித் திருத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி தந்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். சாச்சி அதை ரூபாயில் பெருக்கச் சொன்னார். பெருக்கி, சைபர்களை எண்ணிச் சொன்னேன். சிரித்துவிட்டு, இரும்பைக் கழிக்கும் மாத்திரையை நீரில் கரைக்கப் போனார். ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வருகிறது. உடலுக்கு அதை வெளியேற்றத் தெரியாது. தேங்கினால் இதயம் கெடும். ஆகவே ஒரு நாளும் தவறக் கூடாது.

ராத்தாவுக்கு வேறு சம்பந்தங்கள் வருகின்றன. முதல் பேச்சிலேயே உம்மா உண்மையைச் சொல்லிவிடுகிறார். வாப்பா முதலில் தயங்கினார். சாச்சிதான் "மறைச்சிக் குடுத்தா நாளைக்கு அவள்ற தலையிலதான் வந்து விழும்" என்று உறுதியாக நின்றார். காவி என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு வீட்டார் பதில் சொல்லாமலே போய்விட்டார்கள். ஒலுவிலில் இருந்து வந்த மூன்றாமவர் மட்டும் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப எங்கட மகன்ட இரத்தத்தப் பாத்தாச் சரியா? எங்க பாக்கிற?" உம்மா என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளே போய் ஒரு துண்டில் பரிசோதனையின் பெயரை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன்.