நடு ஸ்தாயி ரப்பர்

காரைக்குடியில் சவுண்டு செட் வைத்திருக்கும் நண்பர்தான் அந்தக் கீபோர்டு ரிப்பேர்க்காரரைப் பற்றிச் சொன்னார். "மேடையில கீபோர்டு நின்னுபோச்சுன்னா முதல் போன் நாச்சியாபுரத்துக்குத்தான் போகும். சாமிக்கு நேர்ந்துக்கிறதெல்லாம் அப்புறம்." குன்றக்குடியில் பங்குனி உத்திரம் முடிந்திருந்தது. சித்திரை பிறந்தால் கொப்புடையம்மன் திருவிழா, அதன் பின்னாலேயே சுற்றுப்பட்டு ஊர்களில் ஒவ்வொரு அம்மனுக்கும் காப்புக்கட்டு. பாட்டுக் கச்சேரிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். ரிப்பேர்க்காரருக்கும்தான்.

நாச்சியாபுரத்தில் பாதிப் பெரிய வீடுகள் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பவை. அப்படியொரு வீட்டின் முகப்பை ஒட்டிய அறை அவருடைய பட்டறை. வீட்டுக்கார ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். வாடகை கேட்பதில்லை. "வெள்ளி செவ்வாய் விளக்கு மட்டும் ஏத்திருங்க தம்பி" என்பதோடு சரி. நான் போனபோது இரண்டு பெஞ்சிலும் கீபோர்டுகள் வயிறு திறந்து கிடந்தன. பகலில் இந்த வேலை, இரவில் மேடையில் இவரே வாசிக்கவும் போகிறார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். விரல்கள் மட்டும் வயதுக்குப் பொருந்தாமல் மெலிந்து நீண்டிருந்தன.

கையில் ஒரு சாம்பல் நிற ரப்பர்ப் பட்டையைக் கொடுத்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. அடிப்பக்கம் வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள். "இதுதான் சார் கீபோர்டு. மத்ததெல்லாம் டப்பா."

ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இப்படி இரண்டு கார்பன் பொட்டுகள், ஒன்று சற்று உயரத்தில், ஒன்று சற்றுத் தாழ்வாக. கட்டையை அழுத்தும்போது முதலில் ஒன்று பலகையைத் தொடும், பிறகு மற்றது. இரண்டுக்கும் இடையே கழிந்த நேரத்தைக் கருவி கணக்கிடும். இடைவெளி குறைந்தால் ஓங்கி அடித்ததாக அர்த்தம், கூடினால் மெல்லத் தொட்டதாக. விரலின் பலத்தை அது அளப்பதே இல்லை, வேகத்தைத்தான் அளக்கிறது. இத்தனை வருடம் கச்சேரி கேட்டும் இது எனக்குத் தெரியாது. முதல் பொட்டில் அழுக்குப் படிந்தால் அது தாமதமாகத்தான் தொடும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக விழும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்ததாகக் கருவி புரிந்துகொள்ளும். தாலாட்டுப் பாட்டின் நடுவே ஒரே ஒரு ஸ்வரத்துக்குச் சாமி வந்தமாதிரி இருக்கும்.

அறுபத்தொரு கட்டைக் கீபோர்டில் ஐந்து ஸ்தாயி. சினிமாப் பாட்டின் புல்லாங்குழலும் வயலினும் பெரும்பாலும் நடுவில்தான் ஓடுகின்றன. அதனால் நடு ஸ்தாயி ரப்பர் முதலில் தேயும். உச்சியில் இருப்பது புதுக்கருக்கு மாறாமல் உட்கார்ந்திருக்கும். புது ரப்பர் சென்னையிலிருந்து வர வேண்டும், பழைய மாடலுக்கு வராமலும் போகும். இவர் உச்சிப் பட்டையைக் கழற்றி நடுவில் மாட்டுகிறார், தேய்ந்ததை உச்சிக்கு அனுப்புகிறார். "மேல இருக்கவன் வேலை செய்யாமலே சம்பளம் வாங்குறான். கீழ இறக்கிவிட்டா என்னங்கிறேன்?" பொட்டுகளை ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உப்புத்தாள் ஆகவே ஆகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்களின் கீபோர்டுகள் மூலையில் தனியாகக் கிடந்தன. அவற்றை அவர் காட்டிய விதத்தில் ஒரு வைத்தியரின் கோபம் தெரிந்தது.

பிறகு கருவிகளை இணைக்கும் மிடி பற்றி விளக்கினார். பதினாறு சேனல், எதில் எது ஓடும், எதை எங்கே திருப்பிவிட வேண்டும் என்று ஒரு நோட்டில் படம் போட்டார். அதை இங்கே எழுதப்போவதில்லை. எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். மிடி கம்பியில் ஒலி போகாது, கட்டளை போகும். 'இந்தக் கட்டை அழுந்தியது', 'இந்தக் கட்டை விடுபட்டது'. நொடிக்கு 31,250 துணுக்கு வேகம். ஒரு கட்டளை போய்ச் சேர ஒரு மில்லி நொடி. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த கண்காட்சியில், போட்டிக் கம்பெனிகள் இரண்டின் கருவிகளை ஒரே கம்பியில் இணைத்துக் காட்டினார்கள். ஒன்று டேவ் ஸ்மித் என்பவரின் கம்பெனி செய்த அமெரிக்க சிந்தசைசர், மற்றது ஜப்பானின் ரோலண்டு. அன்று வைத்த ஐந்து முள் பிளக்தான் இன்றும் இந்த பெஞ்சில் கிடக்கிறது. ஐந்தில் மூன்றுக்குத்தான் வேலை.

'விடுபட்டது' என்ற கட்டளை வழியில் தொலைந்தால்? கட்டை மேலே வந்துவிடும், ஒலி நிற்காது. ஒரு மாரியம்மன் கோயில் மேடையில் நன்கொடையாளர் யாரோ கம்பியை மிதித்துவிட்டார். வயலின் கூட்டொலி ஒன்று அப்படியே நின்று ஒலித்தது. அதற்கு மேலேயே தலைவர் பேசினார், பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டத்துக்கு அது தம்பூரா. "நல்லாத்தானே இருக்குன்னு நானும் விட்டுட்டேன்" என்றார்.

ட்ரான்ஸ்போஸ் பட்டன் வேறு வகை. பாடகி ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர் என்றால் வாசிப்பவர் பட்டனைத் தட்டிச் சுருதியை ஏற்றிக்கொள்வார், விரல் பழகிய இடத்திலேயே ஓடும். மேடையில் யார் கையோ பட்டு அது அரைக் கட்டை இறங்கினால் கிடார் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம், நடுவில் அந்தப் பெண். ஊர் அவளைத்தான் பார்க்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது தானாக அணையும் கீபோர்டின் கதை. மின்சாரச் சிக்கனத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுச் சாதனங்கள் சும்மா இருந்தால் தாமாகவே அடங்கிவிட வேண்டும் என்று 2013 முதல் கட்டாயம் ஆனது. கம்பெனிகள் உலகம் முழுவதற்கும் அதையே வைத்து அனுப்பின. அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் சில மாடல்கள் அணைந்துவிடும். ஒரு கலைஞன் கருவியை அரை மணி நேரம் தொடாமல் இருப்பான் என்று பிரஸ்ஸல்ஸில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நம் ஊர் வரவேற்புரையை அவர்கள் கேட்டதில்லை. பேச்சு முடிந்து 'அடுத்து அம்மன் பாட்டு' என்றதும் அவசரமாகப் போட்டால், நாயன டோன் போயிருக்கும், ஏற்றிய சுருதி போயிருக்கும், கிராண்ட் பியானோ உட்கார்ந்திருக்கும். அம்மன் பியானோவில் இறங்கி வருவாள். அணைக்கும் வசதியையே அணைத்துவைக்க உள்ளே ஒரு வழி இருக்கிறது. இவரிடம் வரும் கீபோர்டுக்கெல்லாம் கேட்காமலே அதைச் செய்துவிடுகிறார்.

மற்றபடி மேடையில் நின்றுபோகும் கீபோர்டில் கருவியின் குற்றம் குறைவு என்பது அவர் கட்சி. மழை பெய்த மறுநாள் எல்.இ.டி. வெளிச்சத்துக்கு ஈசல் வரும், கட்டை இடுக்கில் இறங்கும். மாசியில் பனி. எல்லாவற்றுக்கும் மேலே கரண்டு. மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். சீரியல் லைட்டெல்லாம் ஒரு நொடி ஜொலிக்கும். கைதட்டுவார்கள். அதற்குள் அடாப்டர் செத்திருக்கும். அடாப்டரிலும் வம்பு உண்டு. ஒரு கம்பெனிக்கு நடுமுள் பிளஸ், இன்னொரு கம்பெனிக்கு மைனஸ். இரண்டும் ஒரே துளையில் நுழையும்.

இவருடைய அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் பெட்டிக்காரர். வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். அந்தப் பெட்டிக்கு பிளக் கிடையாது. அதையும் அந்நியக் கருவி என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கிவைத்திருந்தது. நாடக மேடை ஒதுக்கவில்லை. இந்தப் பக்கத்துக்குப் பாட்டுப் பெட்டிகள் புதிதல்ல. ஏவி.எம்.மின் தகப்பனார் ஆவிச்சி செட்டியார் காரைக்குடிக் கடையில் கிராமபோன் தட்டு விற்றார். இளையராஜாவை 1976-ல் 'அன்னக்கிளி'யில் அறிமுகப்படுத்திய பஞ்சு அருணாசலம் சிறுகூடல்பட்டிக்காரர். அதே இளையராஜா 1986-ல் 'புன்னகை மன்ன'னுக்குக் கணினியை வைத்து இசையமைத்தபோது, இந்த ரிப்பேர்க்காரர் தன் அப்பாவோடு நாடகத்துக்குப் போய்க்கொண்டிருந்த பையன். ஊர் ஆர்கெஸ்ட்ராக்களில் அப்போது வயலின் இருவர், புல்லாங்குழல் ஒருவர், டோலக், தபேலா, டிரம்ஸ் எல்லாம் தனித்தனி ஆட்கள். கீபோர்டு வந்தது. முதலில் வயலின் போனது, பிறகு குழல். தாளத்தைத் தானே வாசிக்கும் ஸ்டைலும் லூப்பும் வந்ததும் தபேலாவும் போனது. கடைசியில் இவர் ஒருவர்தான் மிஞ்சினார்.

அத்தனை பேர் சம்பளமும் இந்த ஒருவருக்கு வந்ததா? இல்லை. மேடைக்கும் விழாக் கமிட்டிக்கும் நடுவே ஏஜெண்டு என்று ஒருவர் இருக்கிறார். வயலின்காரரின் கூலி, குழல்காரரின் கூலி எல்லாம் எங்கே போயின என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். கமிட்டியிடம் ஒரு தொகை பேசுவார், குழுவிடம் ஒரு தொகை சொல்வார். இரண்டு தொகையும் ஒரே தாளில் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. நிகழ்ச்சிக்கு இரவு பத்து மணி கெடு. ஒலி மாசு விதிகள் 2000-த்திலேயே வந்துவிட்டன, ஆடல் பாடலுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அனுமதி வாங்கினாலும் நேரக்கட்டுப்பாடு சேர்ந்தே வருகிறது. கீபோர்டு இருபது நிமிடம் நின்றால் அந்த இருபது நிமிடம் திரும்பி வராது. நாலு பாட்டுக் குறையும். கமிட்டி பணத்தைப் பிடிக்கும், ஏஜெண்டு அதை அப்படியே கீபோர்டுக்காரர் தலையில் இறக்குவார். ஜெனரேட்டர்காரரிடம் பிடித்தம் இல்லை. மைக் பிடித்து நாற்பது நிமிடம் பேசியவரிடம் பிடித்தம் இல்லை. கருவியின் விலையும் வாசிப்பவர் கடன், ரிப்பேர்ச் செலவும் அவர் கடன், செத்த அடாப்டரும் அவர் கணக்கு. தன் தொழிற்கருவியைத் தானே வாங்கி, பிறர் கரண்டில் எரியக் கொடுத்து, அதற்கு அபராதமும் கட்டுகிற தொழிலாளி வேறு எங்கே இருக்கிறான்? கோயில் உண்டியலுக்கும் பந்தல் செலவுக்கும் கணக்கு வாசிக்கும் ஊர்க்கூட்டம் கச்சேரித் தொகையில் எவ்வளவு மேடையேறியது என்று ஒரு வரி வாசித்தால் என்ன? நான் இதைச் சொன்னபோது அவர் சால்டரிங் அயனை ஊதிக்கொண்டிருந்தார். "அந்த ஆளு இல்லேன்னா எனக்கு யாரு சார் கமிட்டியக் காட்டுவா?" என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

மாலையில் அவரிடம் படிக்கும் பெண் வந்தாள். காரைக்குடியில் கல்லூரி மாணவி, கையில் லேப்டாப்பும் சொந்த ஒலியே இல்லாத சின்னக் கீபோர்டும். ஒலியெல்லாம் லேப்டாப்புக்குள் இருக்கிறது. யு.எஸ்.பி. வழியாகக் கட்டளை மட்டும் போகிறது. இவருக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"நடு மேடையில அப்டேட் ஆவட்டுமான்னு கேக்கும் ஆத்தா, அப்ப என்ன பண்ணுவ?"

"நெட்டைத் துண்டிச்சிட்டுத்தான் மாஸ்டர் மேடை ஏறுவேன். அதுவுமில்லாம கரண்டு போனாலும் இது நிக்காது. பேட்டரி மூணு மணி நேரம் தாங்கும். உங்க ஜெனரேட்டரை நம்புறதுக்கு இது தேவலை."

அவர் லேப்டாப்பை வாங்கி, புரட்டி, அடியில் ஒட்டியிருந்த எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"பேட்டரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஸ்பீக்கர் பாக்சுக்கு யாரு கரண்டு குடுப்பா?"