44 கிலோவும் 4 கயிறும்

"கப்பி, கயிறு, எடை... இதையெல்லாம் படிச்சு என்னடா பண்ணப் போறோம்?" அப்ளைடு மெக்கானிக்ஸ் வகுப்பு முடிந்ததும் நமக்குள் எழும் கேள்வி இது. எனக்குப் பதில் கிடைத்தது குன்னூரில் ஒரு கார் ஷெட்டில்!

அங்கே ஒரு பங்களாவில் என் அப்பா டிரைவர். 22 வருட வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதலாளி ஐயாவிடம் மெர்சிடிஸ் பென்ஸ் 230 எஸ்.எல். என்ற பழைய கார் ஒன்று இருக்கிறது. 1963-ல் ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகமான மாடல். அதற்கு இரண்டு கூரை. ஒன்று மடித்து வைக்கும் துணிக்கூரை. மற்றது கழற்றி மாட்டும் கெட்டிக்கூரை, 'ஹார்டுடாப்' என்பார்கள். அதன் நடுப்பகுதி ஓரங்களைவிடக் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். கிழக்கு நாடுகளின் கோயில் கூரையை ஞாபகப்படுத்துவதால் 'பகோடா' என்று பட்டப்பெயர். 1971-ல் நிறுத்தும்வரை இந்த வரிசையில் வந்தவை மொத்தம் 48,912 கார்களே. கூரை அடிபட்டால் மாற்றுக் கூரைக்கு எங்கே போவது?

மலையில் மழை தொடங்கினால் கெட்டிக்கூரை வேண்டும். ஜனவரியில் வானம் தெளிந்ததும் கழற்றுவார்கள். மே கடைசியில் மறுபடி மாட்டுவார்கள். கழற்றுவதும் மாட்டுவதும் அப்பாவும் தோட்டக்காரரும்தான். கூரை 44 கிலோ. சிமெண்ட் மூட்டையைவிடக் குறைவுதானே என்று தோன்றும். மூட்டையைத் தோளில் போடலாம். இதைப் போட முடியாது! கையை நீட்டி, முதுகை வளைத்து, பெயிண்டில் கீறல் விழாமல் தூக்க வேண்டும்.

போன வருடம் அப்படித் தூக்கியபோது அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் படுக்கை. பார்க்க வந்த ஐயா, "உனக்கும் வயசாயிடுச்சு. சின்னப் பையன் ஒருத்தனைப் பார்க்கணும் போல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் பீஸ், தங்கையின் படிப்பு எல்லாம்.

நான் நோட்டை எடுத்தேன். கூரையை ஷெட்டின் உத்திரத்திலேயே தொங்கவிட்டால்? தரை இடமும் மிச்சம், முதுகும் மிச்சம். எங்கள் ஒர்க்‌ஷாப் சாரிடம் படம் வரைந்து காட்டினேன். "எடையைப் பத்தி அப்புறம் யோசி. முதல்ல உத்திரம் தாங்குமா பாரு" என்றார். உளியால் தட்டித் தட்டிப் பார்த்தோம். ஒரு உத்திரத்தில் கரையான். அதை ஒதுக்கி, கெட்டியான இரண்டைத் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டு இரட்டைக் கப்பி வாங்கினோம். ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவில் கயிறு நாலு தடவை போய் வரும். கீழ்க் கப்பியில் ஒரு மரச்சட்டம். சட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் அகலமான பெல்ட் இறங்கும். சட்டம் எதற்கு? பெல்ட்டுகளை நேராகக் கப்பியில் மாட்டினால் அவை கூரையின் இரு பக்கத்தையும் உள்பக்கமாக நெருக்கும். சட்டம் இருந்தால் பெல்ட் செங்குத்தாக நிற்கும். பின்னால் பெரிய கண்ணாடி இருப்பதால் பாரம் பின்பக்கம் அதிகம். ஆகவே கொக்கியைச் சட்டத்தின் நடுவிலிருந்து பின்னுக்குத் தள்ளி மாட்டினோம். ஒரு விரல்கடை தூக்கிப் பார்ப்பது, சாய்ந்தால் இறக்கிக் கொக்கியை நகர்த்துவது. இப்படித்தான் புவியீர்ப்பு மையத்தைப் பிடித்தோம்.

கூரையும் சட்டமும் சேர்த்து 52 கிலோ. கணக்குப்படி நாலில் ஒரு பங்கு, 13 கிலோ விசை போதும். ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் 18 கிலோ காட்டியது. மீதி 5 கிலோ உராய்வுக்கு. திறன் 72 சதவீதம்! ஆனால் எதுவும் சும்மா கிடைக்காது: கூரை 4 அடி ஏற, கயிற்றை 16 அடி இழுக்க வேண்டும்.

மேலே போனதும் நாலு சங்கிலியை உத்திரத்திலிருந்து சட்டத்தில் மாட்டிவிடுவோம். மாதக்கணக்கில் பாரத்தைக் கயிற்றிடம் விடக்கூடாது. கயிறு நீளும், முடிச்சு நழுவும். கூரையின் ரப்பர் விளிம்புகள் எதன்மேலும் அழுந்தாமல் இருக்க வேண்டும். அழுந்தினால் அந்த வடிவத்திலேயே நின்று, பிறகு மழைநீரை உள்ளே விடும். போர்த்துவதற்குப் பழைய பருத்திப் போர்வை. பிளாஸ்டிக் கூடாது, மலை ஈரம் உள்ளே அடைபட்டு, துணியில் பூஞ்சை பிடிக்கும்.

இந்த ஜனவரியில் அப்பா தனியாகவே கயிற்றை இழுத்தார். ஒரு பெரிய வாளித் தண்ணீர் இழுக்கிற பலம்தான். ஐயா கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லையே! மே மாசம் நீயே இறக்கி மாட்டிடு" என்றார். சின்னப் பையன் பேச்சு அதோடு நின்றது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, ஊர்ல நம்ம கிணத்துலயும் கப்பிதானே இருந்துச்சு? அதுலயும் பாரம் குறையுமா?"

"இல்லீங்கப்பா. அது மேல நிலையா இருக்கிற ஒத்தக் கப்பி. கீழ பார்த்து இழுக்கிறது சுலபம், அவ்வளவுதான். பாரம் குறையாது."

அப்பா கொஞ்சதூரம் பேசாமல் நடந்தார். "அப்ப எங்கம்மா அத்தனை வருசமும் முழுப் பாரத்தையும்தான் இழுத்துச்சா?" என்றார்.

தோழர்களே! நம்மில் பலரும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வந்திருக்கிறோம். நம் வீட்டிலும் யாரோ ஒருவர் முழுப் பாரத்தையும் இழுத்துக்கொண்டிருப்பார். இந்த விடுமுறைக்குப் போகும்போது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒருநாள் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். நாம் படித்த கணக்கு அங்கே தேவைப்படலாம்.