நாவின் கூச்சம்

பாரூர்ப் பெரிய ஏரிக்கரையில் சிறிது நேரம் நின்று செவிமடுத்தால், இந்தப் பகுதியே ஒரு மொழிப்பள்ளி என்பது விளங்கிவிடும். தென்பெண்ணையின் நீர் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வந்து ஏரியை நிறைப்பதுபோல, சுற்றுவட்டாரத்து மொழிகளெல்லாம் இங்கே வந்து கலக்கின்றன. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ், கடைத்தெருவில் உருது, ஓசூரைத் தாண்டினால் கன்னடம் என்று ஒரே மனிதர் ஒரே நாளில் நான்கு மொழிகளுக்குள் நுழைந்து வெளிவருகிறார். அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவர் எந்தத் தேர்வும் எழுதவில்லை.

போச்சம்பள்ளி வாரச்சந்தையில் காய்கறி விற்கும் மூதாட்டி ஒருவரை நான் கவனித்ததுண்டு. கர்நாடகத்திலிருந்து வந்த வியாபாரியிடம் அவர் பேசிய கன்னடத்தில் பாதி தமிழ், கால்பங்கு தெலுங்கு. இலக்கணம் பிழைத்தது, பேரம் பிழைக்கவில்லை. இருவரும் சிரித்தார்கள். கூடையும் காலியானது. அந்த அம்மையார் தம் கன்னடத்தைக் குறித்து வெட்கப்பட்டதாகவோ, அந்த வியாபாரி அதை இகழ்ந்ததாகவோ எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு துணிவுள்ள நா, ஆங்கிலம் என்றவுடன் ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது?

இக்கேள்வியை என்னுள் ஆழமாக விதைத்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண். பட்டயப் படிப்பு முடித்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் பொறுப்பிலிருந்த இயந்திரத்தின் ஓசை மூன்று நாள்களாக மாறியிருந்தது. மேற்பார்வையாளரோ வடமாநிலத்தவர், தமிழ் அறியாதவர். நான்காம் நாள் இயந்திரம் பழுதாகி நின்றது. அருகில் நின்ற தோழியின் விரலில் காயம்பட்டது. "சத்தம் வேற மாதிரி வருதுன்னு எனக்குத் தெரியும் சாமி. சொல்லத்தான் வாய் வரல" என்று கண்ணீரோடு சொன்னார். பள்ளியில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர் அவர். பாட்டியிடம் தெலுங்கிலும், விடுதித் தோழியரிடம் கன்னடத்திலும் தடையின்றி உரையாடுபவர். இயந்திரம் சத்தம் போடுகிறது என்பதைச் சொல்ல மூன்று நான்கு ஆங்கிலச் சொற்கள் போதும். அத்தனையும் அவர் அறிந்த சொற்களே. தடையாக நின்றது அறியாமையன்று; கூச்சம்.

இது ஒரு தனி மனிதரின் துன்பமும் அன்று. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் டைட்டனும் ஓசூருக்கு வந்த காலம் முதல் நம் பிள்ளைகள் ஊர் ஊராகத் தொழிற்சாலை நோக்கிச் செல்கிறார்கள். இன்று போச்சம்பள்ளியிலேயே சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அவர்களுக்கு அருகில் நின்று உழைக்கிறார்கள். நேர்முகத் தேர்வில், பாதுகாப்பு அறிவுரையில், பதவி உயர்வில் ஆங்கிலம் குறுக்கே நிற்கிறது. கைத்திறன் உள்ளவர்கள் வாய்த்திறன் இன்மையால் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள்.

கன்னடம் நமக்குச் சந்தை வழியாக வந்தது. ஆங்கிலமோ பிரம்பு வழியாக வந்தது. முதல் பாடத்திலேயே சிவப்பு மை அதன்மேல் விழுந்தது. பிழையாகப் பேசியவனை வகுப்பே எள்ளி நகையாடியது. அந்தச் சிரிப்பொலி நாற்பது வயதிலும் காதில் கேட்கிறது. ஸ்டீபன் கிராஷென் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் 1982இல் வெளியிட்ட நூலொன்றில், அச்சமும் பதற்றமும் மனத்தில் ஒரு வடிகட்டிபோல் நின்று, காதில் விழும் மொழி உள்ளே சென்று தங்காதபடி தடுக்கின்றன என்று விளக்கினார். மகிழ்ச்சியான மனநிலையில் அந்த வடிகட்டி தளர்கிறது. ஆகவே மொழிப்பயிற்சியில் மகிழ்ச்சி என்பது உணவின்மேல் தூவும் கொத்துமல்லி அன்று, அது உப்பு.

இந்த உண்மையை நம் மண்ணில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செயலில் காட்டினார். இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர், முப்பது வயதுக்குப் பிறகே தமிழ் கற்றார். இலக்கியத் தமிழோடு நின்றுவிடாமல், மக்கள் நாவில் வழங்கும் தமிழுக்கெனத் தனியாக இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணமாகிய அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பேச்சுமொழியும் கற்றுத் தேறவேண்டிய ஒன்று என்பதை அவர் அறிந்திருந்தார். தமிழ் பயிலும் அயல்நாட்டினருக்கு அவர் கொடுத்த வாசிப்பு நூல் எது தெரியுமா? அறவுரைத் தொகுப்பன்று, பரமார்த்த குருவின் கதை! ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த சீடர்களும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பிய குருவும் பாடமானார்கள். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அக்கதையை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் சொற்பட்டியலுடனும் இலண்டனில் வெளியிட்டார். தமிழ் கற்க விரும்பிய ஆங்கிலேயர் வயிறு குலுங்கச் சிரித்தபடியே தமிழ் கற்றனர். அவர்களுக்குப் பயன்பட்ட வழி நமக்கு மட்டும் ஏன் ஆகாது?

அந்தப் பெண்ணின் துயரத்துக்குப் பின், எங்கள் இளைஞர் சிலரோடு ஞாயிறு மாலைகளில் அமர்ந்து சில முயற்சிகளைச் செய்து பார்த்தோம். ஆசிரியர் எவரும் இல்லை, கட்டணமும் இல்லை. வாசகர்கள் தம் இல்லங்களிலேயே செய்து பார்க்கக்கூடியவை அவை.

முதலில் சொல் எண்ணும் விளையாட்டு. காலை எழுந்தது முதல் நாம் வாயால் வழங்கும் ஆங்கிலச் சொற்களை எழுதச் செய்தோம். பஸ், டிக்கெட், ஷிப்ட், லீவு, மெஷின், ஆயில், பெல்ட், டேங்க், மோட்டார் என்று ஏடு நிறைந்தது. "எனக்கு இங்கிலீஷே தெரியாது" என்ற ஓர் ஓட்டுநர் தம் வண்டியின் உறுப்புகளை மட்டும் எழுதியே இரு பக்கங்களை நிரப்பிவிட்டார். 1930இல் சி. கே. ஆக்டன் என்னும் ஆங்கிலேயர் அடிப்படை ஆங்கிலம் என்றொரு திட்டத்தை வகுத்தபோது, அன்றாடக் கருத்துகளுக்கு 850 சொற்களே போதும் என்றார். 1959இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு ஏறத்தாழ 1,500 சொற்களைக் கொண்டே உலகச் செய்திகளை மெதுவாகச் சொன்னது. நாம் வெறுங்கையோடு தொடங்கவில்லை என்று கண்டுகொள்வதே பாதித் துணிவு.

அடுத்தது, தெரிந்த கதையைச் சொல்லுதல். புதிய கருத்தையும் புதிய மொழியையும் ஒரே நேரத்தில் சுமப்பது கடினம். கதை முன்பே தெரிந்திருந்தால் மனம் சொல்லில் மட்டும் நிற்கும். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் மிக எளிய ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அவற்றில் ஒரு பக்கத்தை உரக்கப் படித்து, நூலை மூடிவிட்டு, நம் சொற்களில் சொல்லிப் பார்க்கலாம். ஊதாரி மைந்தன் உவமையை அறியாதவர் நம்மில் உண்டோ? எங்கள் இளைஞர் ஒருவர் அதை மூத்த மகனின் வாய்மொழியாக ஆங்கிலத்தில் சொன்னார். கொழுத்த கன்றைப் பற்றிய அவருடைய ஆத்திரத்தில் வினைச்சொற்களின் காலம் தடுமாறியது. கேட்டவர் எவரும் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது, வாழ்க்கைக்கே வர்ணனை செய்வது. கிரிக்கெட் வர்ணனையாளர் பந்துக்குப் பந்து சொல்வதுபோல, நாம் செய்யும் வேலையை நாமே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு செய்வது. வெங்காயம் நறுக்கும்போதும், மாமரத்துக்கு நீர் பாய்ச்சும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் இது இயலும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்து வந்து நிற்கிறது. இந்த மாற்றத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தால் பேசும்போது கைகொடுப்பதில்லை. "ஐ கட் தி ஆனியன், ஐ வாஷ் தி ரைஸ்" என்று நூறுமுறை சொன்ன நாவுக்கோ அது தானே வசப்படுகிறது. அடுப்படியில் இதைச் செய்த தாய் ஒருவரைக் கண்டு அவருடைய பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்களாம்.

நான்காவது, நிழல்போல் தொடர்ந்து சொல்லுதல். ஆங்கிலச் செய்தியையோ உரையையோ கைபேசியில் ஒலிக்கவிட்டு, பேசுபவரின் குரலோடு அரை நொடி பின்னால் நாமும் சொல்லிக்கொண்டே செல்வது. ஆங்கிலத்தில் சில அசைகள் ஓங்கி ஒலிக்கும், மற்றவை விழுங்கப்படும். தமிழிலோ அசைகள் பெரும்பாலும் சமநடை போடுகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தைக் கண் கற்றுத் தராது. காதும் நாவும் சேர்ந்தே பிடிக்கவேண்டும். பின்னர் நம் குரலைப் பதிவு செய்து கேட்கலாம். சென்ற மாதப் பதிவையும் இந்த மாதப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பதில் ஓர் இன்பம் உண்டு. 1983இல் உலகக்கோப்பையை ஏந்திய கபில்தேவ், ராபிடெக்ஸ் என்னும் ஆங்கிலப் பயிற்சி நூலின் விளம்பரத்தில் தோன்றியது பலருக்கும் நினைவிருக்கும். அந்நூல் அலமாரியில் இல்லாத வீடுகள் குறைவு. ஆனால் நூல் நம் குரலைக் கேட்பதில்லை, கைபேசி கேட்கிறது.

ஐந்தாவது, பாத்திரம் ஏற்று நடித்தல். ஒருவர் மாம்பழ வணிகர், மற்றவர் வெளிநாட்டு வாடிக்கையாளர். செந்தூராவுக்கும் பெங்களூராவுக்கும் உள்ள சுவை வேறுபாட்டை இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்தில் விளக்கி விற்கவேண்டும். வேறொரு நாள் ஒருவர் மேற்பார்வையாளர், மற்றவர் இயந்திரப் பழுதைச் சொல்ல வந்த தொழிலாளி. அந்த இளம்பெண் இந்த விளையாட்டில் முதலில் மேற்பார்வையாளராகவே நடித்தார். மூன்றாம் வாரம் இடம் மாறி நின்று, இயந்திரத்தின் ஓசையை வாயால் எழுப்பிக் காட்டி, "திஸ் சவுண்ட் இஸ் நாட் குட், சார். ப்ளீஸ் ஸ்டாப் அண்ட் சீ" என்றார். கூட்டம் கைதட்டியது. இச்சொற்களைத் தம் தொழிற்கூடத்திலும் ஒருநாள் சொல்லவேண்டி வந்தது என்றும், மேற்பார்வையாளர் உடனே வந்து பார்த்தார் என்றும் பின்னர் என்னிடம் தெரிவித்தார்.

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பேசப்படும் கதைக்குச் சிரிக்கலாம். பேசுபவரைப் பார்த்துச் சிரிக்கலாகாது. சிரிப்பு இருவகைப்படும். ஒன்று நாவைக் கட்டுகிறது. மற்றொன்று கட்டை அவிழ்க்கிறது. பெற்றோர்களும் ஆசிரியர்களும் இந்த வேறுபாட்டை மறவாதிருந்தால், பாதி மாணவர்களுக்குத் தனிப் பயிற்சியே தேவைப்படாது.

உச்சரிப்பைக் குறித்தும் ஒரு சொல். ஸ்கூல் என்பதை இஸ்கூல் என்று சொல்பவரைப் பார்த்து நகைப்போர் உளர். சொல்லின் முதலில் இரு மெய்கள் இணைந்து நிற்பதைத் தமிழ் ஏற்பதில்லை. எந்த எழுத்து சொல்லுக்கு முதலாகும் என்பதற்குத் தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. ராமனை இராமன் என்றும், லோகத்தை உலகம் என்றும் ஆக்கிய அதே நாத்தான் இஸ்கூல் என்கிறது. அது அறியாமை அன்று, தாய்மொழியின் ஒழுங்கு. இதை உணர்ந்தவர் வெட்கமின்றித் திருத்திக்கொள்வார். போலந்து நாட்டவரான ஜோசப் கான்ராட் இருபது வயதைக் கடந்த பின்னர், கப்பல்களில் மாலுமிகளோடு பழகி ஆங்கிலம் கற்றார். ஆங்கிலத்தின் பெரும் நாவலாசிரியருள் ஒருவரானார். ஆயினும் அவருடைய பேச்சில் போலந்து மொழியின் சாயல் இறுதிவரை நீங்கவில்லை. நம் ஆங்கிலத்தில் பாரூரின் சாயல் இருந்தால் என்ன? பிறருக்கு விளங்கினால் போதும்.

"அப்படியானால் தமிழ் என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கவலையே. ஆனால் தமிழை மறக்கச் செய்வது ஆங்கிலமன்று. ஆங்கிலம் பேசினால்தான் மதிப்பு என்னும் எண்ணமே. தனிநாயகம் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். பல மொழிகளை அறிந்த அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் பயின்றார். பின்னர் 1952இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய இதழை ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழின் பெருமையை உலக அறிஞர் முன் வைத்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதில் அவருடைய உழைப்பு பெரிது. அவர் கையில் ஆங்கிலம் தமிழுக்கு ஊர்தியாயிற்று. கூச்சத்தோடு கற்பவன்தான் தன் மொழியை மறைக்கிறான். மகிழ்வோடு கற்பவன் இரண்டையும் சுமக்கிறான்.

அன்பார்ந்த வாசகர்களே, பெருந்திட்டம் எதுவும் வேண்டாம். இன்றிரவு உணவுக்குப் பின், அன்று நடந்த ஒரு வேடிக்கையை ஐந்தே வாக்கியங்களில் உங்கள் வீட்டாருக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் தமிழை வையுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கையால் காட்டுங்கள். கேட்பவர்கள் கதை முடியும்வரை திருத்தாமல் கேட்கட்டும். நாளை ஆறாவது வாக்கியம் தானே வரும். நம் பிள்ளைகள் அறிந்த ஓர் உண்மை, சொல்லத் துணிவில்லாமையால் இன்னொருவரின் விரலைக் காயப்படுத்தக்கூடாது. அதற்காகவேனும் நம் வீடுகளில் நாவுக்குக் கொஞ்சம் விளையாட இடம் கொடுப்போம்.