சொல்ல முடிந்த அளவே சொந்தம்

செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள் நம் ஊரில். நல்ல காரியம் எதையும் அன்று தொடங்கமாட்டார்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு இந்தச் சாஸ்திரம் தெரியாது. வாரம் முழுக்க மனுக்களைப் பரிசீலித்துவிட்டு, காப்புரிமை கொடுப்பதை மட்டும் செவ்வாய்க்கிழமைக்கென்று வைத்திருக்கிறது. ரைட் சகோதரர்களின் பறக்கும் இயந்திரம், ஜில்லெட்டின் ரேஸர், காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் எல்லாமே செவ்வாயில் பிறந்தவைதான்.

தூக்கம் வராத இரவுகளில் பஞ்சாங்கம் புரட்டுகிறவர்கள் உண்டு, சமையல் வீடியோ பார்க்கிறவர்கள் உண்டு. நான் பழைய காப்புரிமைப் பத்திரங்களைப் படிப்பேன். அதிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்தவை என்றால் விடிய விடியப் படிக்கலாம். அப்படியொரு விளைச்சல் காலம் அது. அமெரிக்கா இப்போதுள்ள வரிசையில் எண் போடத் தொடங்கியது 1836இல். 1900ஆம் ஆண்டு பிறந்தபோது எண்ணிக்கை 6 லட்சத்து 40 ஆயிரத்தைத் தொட்டிருந்தது. 1911 ஆகஸ்ட் 8ஆம் தேதி பத்து லட்சமாவது காப்புரிமை, ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரைச் சேர்ந்த பிரான்சிஸ் ஹோல்டனின் வண்டி டயருக்குப் போனது. பன்னிரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் 3 லட்சத்து 60 ஆயிரம் பேர் வரிசையில் நின்று வாங்கிப் போயிருக்கிறார்கள்.

பத்திரத்தின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் படம். பாகம் பாகமாக எண்ணோ எழுத்தோ போட்டு, கோட்டோவியமாக வரைந்திருப்பார்கள். அடுத்தது விவரணை: இன்ன ஊரில் வசிக்கும் இன்னார் இன்ன பொருளைக் கண்டுபிடித்திருக்கிறேன், அதைச் செய்வது இப்படி, அது இயங்குவது இப்படி. கடைசியில் உரிமைக்கோரல்கள். ‘இவ்வளவும் என்னுடையது’ என்று வேலி போடும் இடம் அது. மனு போட 15 டாலர், வழங்கும்போது 20 டாலர், ஆக 35 டாலர் கட்டணம். அதற்குப் பலனாக 17 ஆண்டு ஏகபோகம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் தொழில் தெரிந்த யாரும் பத்திரத்தைப் படித்துவிட்டுப் பொருளைத் தாமே செய்துகொள்ளும்படி, ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாக வேண்டும். ரகசியத்தைக் கொடு, உரிமையை வாங்கிக்கொள் என்பதுதான் பேரம்.

மேரி ஆண்டர்சனின் பத்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரக்காரர். நியூயார்க்கில் ஒரு பனிக்காலத்தில் டிராமில் போனபோது, முன்கண்ணாடியில் பனி படிந்து வழி தெரியாமல் ஓட்டுநர் தவித்ததைப் பார்த்தார் என்று சொல்வார்கள். ஊர் திரும்பி, 1903 ஜூனில் மனு போட்டார். நவம்பர் 10ஆம் தேதி, 7,43,801 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்துவிட்டது. வண்டிக்குள்ளே ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் வெளியே ரப்பர் பட்டை பூட்டிய கை கண்ணாடியின் மேல் வீசிப் பனியையும் நீரையும் வழித்துத் தள்ளும். பட்டை கண்ணாடியை விட்டு விலகாமல் அழுத்திப் பிடிக்கவும் ஓர் ஏற்பாடு இருந்தது. இதெல்லாம் பொறியியல். நான் ரசிப்பது வேறோர் இடத்தை. வானம் வெளுத்திருக்கும் நாட்களில் இதைக் கழற்றி வைத்துவிடலாம், வண்டியின் வழக்கமான தோற்றம் கெடாது என்றும் எழுதியிருக்கிறார். ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா பார்க்க அசிங்கமா இருக்குமே’ என்று சொல்லப்போகிறவனுக்கு முன்கூட்டியே போட்ட பதில் அது.

விவரணை எழுதுவது எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால் கையறிந்த ஒரு வேலையை எழுதிப் பார்க்க வேண்டும். என் சித்தி பூக்கட்டினால் ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் பேச்சு தெருக்கோடி வரை போய் வந்துவிடும், கண் மட்டும் பூவின் பக்கம் போகவே போகாது. “எப்படிக் கட்றீங்க சித்தி, வாயால சொல்லுங்களேன்” என்றேன். “இதுல சொல்ல என்ன இருக்கு? பாத்துக்கோ, இப்படித்தான்” என்றார். நானே நோட்டில் எழுதினேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. இடது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்புகளை அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கையால் நாரைக் காம்புகளைச் சுற்றிக் கொண்டுவந்து, விரலில் ஒரு கண்ணி போட்டு, அதைக் காம்பின் மேல் மாட்டி இழுக்க வேண்டும். வாசித்துக் காட்டினேன். சித்தி சிரித்துவிட்டு, “எவ்வளவு இறுக்கணும்னு எழுதலையே? இறுக்கினா காம்பு அறுந்துடும், விட்டா பூ உதிர்ந்துடும்” என்றார். காப்புரிமைப் பரிசோதகர் இதே ஆட்சேபத்தைத்தான் அலுவலக பாஷையில் எழுதியிருப்பார்.

ரைட் சகோதரர்களுக்கும் இதுதான் நடந்தது. வில்பரும் ஆர்வில்லும் தாங்களே எழுதிய மனுவை 1903 மார்ச் 23ஆம் தேதி போட்டார்கள். எஞ்சின் வைத்துப் பறந்தது அதற்குப் பிறகு, டிசம்பர் 17இல். காப்புரிமை அலுவலகம் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது, விளக்கம் தெளிவாக இல்லை என்று. காற்றில் ஏறுவதைவிடக் காகிதத்தில் ஏறுவது கஷ்டமாகப் போய்விட்டது அவர்களுக்கு. 1904இல் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த ஹாரி டூல்மின் என்ற காப்புரிமை வழக்கறிஞரைப் பிடித்தார்கள். அவர் கை வைத்த பிறகுதான் 1906 மே 22இல், 8,21,393 என்ற எண்ணில் காப்புரிமை வந்தது.

அந்தப் பத்திரத்தின் படங்களில் எஞ்சினைத் தேடினால் கிடைக்காது. இருப்பது வெறும் கிளைடர். பறப்பதை அவர்கள் உரிமை கோரவில்லை, பறக்கையில் சாயாமல் நிற்பதைத்தான் கோரினார்கள். இறக்கைகளின் ஓரங்களை முறுக்கினால் ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் தாழும். கூடவே வால் சுக்கானும் ஒத்துழைக்கும். இரண்டு பக்க ஓரங்களின் கோணம் வேறுபடுவதைப் பற்றி அந்த வாசகங்கள் அவ்வளவு அகலமாக எழுதப்பட்டிருந்தன. அவர்களின் போட்டியாளர் க்ளென் கர்ட்டிஸ் இறக்கையை முறுக்காமல் தனியே சிறு மடல்களைப் பொருத்திப் பறந்தார். அப்படியும் 1914இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இதுவும் ரைட்களின் வேலிக்குள்தான் வருகிறது என்று சொல்லிவிட்டது. விமானக்காரர்களுக்குள் வழக்கு முற்றி, முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல் காப்புரிமைகளை எல்லாம் பொதுவில் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்த பிறகுதான் ஓய்ந்தது.

வார்த்தையால் வென்றவர் உண்டென்றால் வார்த்தையால் வீழ்ந்தவரும் உண்டு. ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் செல்டன் தாமே ஒரு காப்புரிமை வழக்கறிஞர். எஞ்சினால் ஓடும் சாலை வண்டிக்கு 1879இலேயே மனு போட்டார். உடனே வாங்கினால் காரே இல்லாத ஊரில் 17 ஆண்டும் வீணாகிவிடும். ஆகவே திருத்தம், மறுதிருத்தம் என்று இழுத்தடித்து, கார்கள் தலைகாட்டத் தொடங்கிய 1895இல் வாங்கினார். அதுவரை தம் கையால் ஒரு காரும் செய்து ஓட்டியவரல்ல. ஆனாலும் 1903இல் கூட்டமைப்பாகச் சேர்ந்த கார்க் கம்பெனிகள் விலையில் ஒன்றேகால் சதவீதம் கப்பம் கட்டின. ஹென்றி ஃபோர்டு கட்ட மறுத்தார். அதே ஆண்டு தொடங்கிய வழக்கு எட்டாவது ஆண்டில், 1911 ஜனவரியில் முடிந்தது. தீர்ப்பு சுவாரசியமானது. செல்டனின் காப்புரிமை செல்லும், ஆனால் ஃபோர்டு அதை மீறவில்லை! செல்டன் எழுதி வைத்தது பிரெய்ட்டன் வகை எஞ்சினை ஒட்டிய வண்டி. ஃபோர்டும் மற்றவர்களும் ஓட்டியதோ ஓட்டோ வகை எஞ்சின். எழுதாததை எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்? சொல்ல முடிந்த அளவே சொந்தம்.

சொன்னதைப் பணமாக்கியவர் கிங் ஜில்லெட். சோடா பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர். அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பொருளாகக் கண்டுபிடி, வாங்கினவன் திரும்பத் திரும்ப வருவான் என்று யோசனை சொன்னாராம். 1895இல் சவரம் செய்துகொண்டிருந்தபோது ஜில்லெட்டுக்குப் பொறி தட்டியது. அதுவரை சவரக் கத்தி என்றால் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்வது, தோல் வாரில் தீட்டித் தீட்டிப் பழக்குவது. மெல்லிய எஃகுத் தகட்டில் அந்தக் கூர்மை நிற்காது என்றார்கள் உலோக நிபுணர்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் சாதித்துக் கொடுத்தார். விற்பனை தொடங்கிய 1903இல் போனது 51 ரேஸர், 168 பிளேடு. காப்புரிமை வந்தது 1904 நவம்பர் 15இல், எண் 7,75,134. மழுங்கினால் தீட்டுவதைவிடத் தூக்கி எறிவதே சிக்கனம் என்ற வியாபாரக் கணக்கையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறார். விலையும் சேர்ந்ததுதான் கண்டுபிடிப்பு என்று புரிந்துகொண்ட மனிதர்.

ஆனால் எவ்வளவு உயரமாக வேலி போட்டாலும் பொருள் எந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்று எழுத முடியாது. நாவிதரிடம் போகாமல் வீட்டிலேயே சவரம் செய்துகொள்ளப் பிறந்த பிளேடு அது. எங்கள் தெரு சலூனில் அந்த அண்ணன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது பிளேடை எடுத்து, “பாத்துக்குங்க சார், புதுசுதான்” என்று காட்டுவார். பிறகு உறையோடு இரண்டு விரல்களுக்கு நடுவில் வளைத்து, டக்கென்று நீளவாக்கில் இரண்டாக உடைப்பார். ஒரு பாதி கத்திப் பிடிக்குள் போகும். மறு பாதி காகிதத்தோடு மேசை இழுப்பறைக்குள் போகும், அடுத்த ஆளுக்காக. தூக்கி எறியச் சொல்லிப் பிறந்த பொருளில் பாதியை மிச்சம் பிடிக்கிற வித்தையை எந்தப் பத்திரமும் சொல்லவில்லை. நாவிதரை ஒதுக்கப் புறப்பட்டது, நாவிதரிடமே வந்து சேர்ந்துவிட்டது.

மேரி ஆண்டர்சனுக்குக் காசு வரவில்லை. 1905இல் ஒரு கனடா நிறுவனத்துக்குத் தம் உரிமையை விற்கப் பார்த்தார். இதற்கு வியாபார மதிப்பு போதாது என்று பதில் வந்தது. ஃபோர்டின் மாடல் டி வந்ததே 1908இல்தான். வீதியெல்லாம் கார் நிறையத் தொடங்கிய 1920இல் 17 ஆண்டு முடிந்துவிட்டது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் வைப்பர் செய்யலாம், அவருக்குச் சல்லிக்காசு தர வேண்டியதில்லை. காலம் தவறிப் பிறந்த உரிமை. ஆனாலும் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2011இல், அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். எதை வைத்துச் சேர்த்தார்கள்? படமும் விளக்கமுமாக அந்தப் பத்திரம் இருந்ததே, அதை வைத்து.

நம்மிடம் இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று இருக்கிறது. மருந்தை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். பாம்புக்கடிக்குப் பச்சிலை கொடுப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பறிப்பார். எலும்பு முறிவுக்குக் கட்டுபவர் எண்ணெயின் பக்குவத்தை மகனுக்குக்கூடக் கடைசியில்தான் சொல்வார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சொன்னவருக்கு 17 ஆண்டு தருகிறேன் என்று யாரும் பேரம் பேசவில்லை, சொன்னால் பிழைப்புப் போகும் என்பதுதான் அவர்கள் கண்ட அனுபவம். காப்புரிமைச் சட்டம் இந்தியாவுக்கு 1856இலேயே வந்தது. முதலில் மனு போட்டவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் டீபென்னிங் என்ற பொறியாளர். பங்கா இழுக்கும் இயந்திரம் அவருடையது. 1911இல் புதுச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் பச்சிலைக்காரர் வீட்டுத் திண்ணை வரை வந்ததாகத் தெரியவில்லை.

சொல்லாமல் வைத்திருந்ததற்கு விலை என்ன என்பது 1995இல் தெரிந்தது. மஞ்சள் தூளால் புண்ணை ஆற்றும் முறைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஒன்று காப்புரிமை வாங்கிவிட்டது. நம் பாட்டிகள் அத்தனை பேரும் சாட்சி சொல்ல வந்தாலும் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் எடுபட்டிருக்காது. அயல்நாட்டில் வழக்கத்தில் இருந்தது என்பது மட்டும் அங்கே போதாது, எங்காவது எழுத்தில் வெளிவந்திருக்க வேண்டும். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய வடமொழி நூல் தொட்டு, 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை வரை தேடி எடுத்துக் காட்டிய பிறகு, 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. புண்ணை ஆற்றியது மஞ்சள், வழக்கை ஜெயித்தது எழுத்து.

இந்தப் பத்திரங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மேதைமை அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. தினமும் படும் ஒரு தொல்லையை யாரோ ஒருவர் உட்கார்ந்து, பாகம் பாகமாகப் பிரித்து, முன்பின் தெரியாதவனுக்கும் புரியும்படி சொல்லியிருக்கிற பொறுமைதான் தெரிகிறது. ஏகபோகம் 17 ஆண்டில் முடிந்துபோனது. கோடி சம்பாதித்த ஜில்லெட்டுக்கும், ஒன்றும் சம்பாதிக்காத ஆண்டர்சனுக்கும் அதில் பேதமில்லை. மிஞ்சியிருப்பது அந்த விவரணைதான், அதுவும் இன்றைக்கு எல்லோருக்கும் பொது. ‘அது கைப்பக்குவம், சொல்லித் தெரியாது’ என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் விடுவதில்லை, நோட்டை எடுத்துவிடுகிறேன். சித்தியின் பூக்கட்டில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற வரியை இன்னும் எழுதி முடிக்கவில்லை. ரைட் சகோதரர்களுக்கே மூன்று ஆண்டு பிடித்தது.