கரியர் இல்லாத சைக்கிள்

பொலிஸ் அறிக்கைகளிலும் அரச அறிவித்தல்களிலும் 'துவிச்சக்கரவண்டி' என்றுதான் இருக்கும். பத்திரிகையில் நான் சேர்ந்த நாட்களில் நாங்களும் அப்படியே எழுதினோம். ஆனால் வீதியில் ஒருவரும் அவ்வாறு சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தவருக்கு அது சைக்கிள். ஒரு காலத்தில் அதுவே எங்களுடைய வண்டில், அதுவே அம்புலன்ஸ். 1990 இற்குப் பின்னர் பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் பற்றரியும் கிடைக்காதிருந்த ஆண்டுகளில், சைக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது.

ஆகவே எந்தச் சைக்கிளைக் கண்டாலும் என் கண் முதலில் கரியரைத்தான் தேடும். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதே எங்களுக்குச் சைக்கிளின் தரம். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது கொழும்புவாசிகளும் சைக்கிளைத் தேடி ஓடினார்கள். அப்போதும் அது தேவைக்காகவே வாங்கப்பட்டது, விளையாட்டுக்காக அல்ல.

சென்ற மாதம் என் தங்கையின் மகனுக்கு 11 வயது நிறைந்தது. கட்டாரில் தொழில் புரியும் தகப்பன் அனுப்பிய பணத்தில், வெள்ளவத்தையிலுள்ள வீட்டுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு பீ.எம்.எக்ஸ். சைக்கிள், பாதி பூட்டப்பட்டும் பாதி பூட்டப்படாமலும் இருந்தது. "மாமா, ஸ்பனரோட வாங்கோ" என்று மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அவனிடமிருந்து தொலைபேசியை வாங்கிய தங்கை, "அண்ணா, ஆறுதலாப் பூட்டுங்கோ. அவசரமில்லை" என்றாள். அந்தச் சைக்கிள் பெட்டிக்குள்ளேயே இருந்தால் அவளுக்கு நிம்மதி என்பது எனக்கு விளங்கியது. தகப்பன் தூரத்தில் இருக்கிறார். பிள்ளை விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியவள் அவள்தான்.

பீ.எம்.எக்ஸ். என்பது 'பைசிக்கிள் மோட்டோகுரொஸ்' என்பதன் சுருக்கம். 1970 களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் பார்த்த சிறுவர்கள் தங்கள் சைக்கிள்களில் மண்மேடுகள் மீது பாயத் தொடங்கினார்கள். பெரும்பாலும் அவை 1963 இல் சந்தைக்கு வந்த 'ஷ்வின் ஸ்டிங்ரே' என்ற சிறிய சைக்கிள்கள். மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பற்றிய 'ஒன் எனி சண்டே' என்ற விவரணப்படம் 1971 இல் வெளிவந்தபோது, அதன் தொடக்கத்தில் இச் சிறுவர்களும் இடம்பெற்றார்கள். பின்னர் இவ்விளையாட்டுக்கென்றே சைக்கிள்கள் செய்யப்பட்டன. 2008 இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பீ.எம்.எக்ஸ். ஓட்டப் போட்டி சேர்க்கப்பட்டது. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சாகசப் போட்டியும் சேர்ந்துகொண்டது.

இப் பிறப்பின் அடையாளங்கள் அதன் உடலெங்கும் இருக்கின்றன. சில்லுகள் 20 அங்குலம், ரயர் தடிப்பானது, சீற் தாழ்வானது, ஏனெனில் பாயும்போது ஓட்டுபவர் எழுந்துதான் நிற்பார். மட்காட் இல்லை, லைட் இல்லை, கியர் இல்லை, கரியரும் இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் விறாந்தையில் வேலையைத் தொடங்கினோம். முதலில் முன்சில்லைத் தாங்கும் கவைக்கம்பி. பெட்டிக்குள் அடங்குவதற்காக அதைப் பின்புறமாகத் திருப்பி வைத்து அனுப்புவதுண்டு. அதைக் கவனிக்காமல் சில்லைப் பூட்டுகிறவர்கள் பலர். அப்படிப் பூட்டினால் சைக்கிள் கட்டுக்குள் நிற்காது. முன்சில்லின் இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால்தான் சில்லு நடுவில் நிற்கும். சீற் தண்டில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அது வெளியே தெரியாதவாறு தண்டு உள்ளே இறங்கவேண்டும்.

பெடல்களைப் பூட்டும்போது மருமகன் குழம்பினான். வலப்பக்கப் பெடல் வழமைபோல மணிக்கூட்டு முள் செல்லும் திசையில் இறுகியது. இடப்பக்கத்துப் பெடலோ மறுதிசையிற் சுற்றினால்தான் இறுகும். "பிழையாச் செய்து போட்டாங்களோ மாமா?" என்று கேட்டான். பிழையல்ல. இரண்டிலும் ஒரே மரையை வெட்டியிருந்தால், மிதிக்க மிதிக்க இடப்பக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடும். விமானத்துக்கு முன்னர் டேட்டன் நகரிற் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், 1900 இல், கழன்றுவிடாத பெடலைத் தங்கள் தயாரிப்பின் சிறப்பாக அறிவித்தார்கள். இதைச் சொன்னதும் அவன் அந்தப் பெடலை இன்னுமொரு தடவை இறுக்கிப் பார்த்தான்.

பெட்டியின் அடியில் நான்கு குறுகிய இரும்புக் குழாய்கள் இருந்தன. தேநீர் கொண்டுவந்த தங்கை ஒன்றைக் கையில் எடுத்து, "இது பின்னால ஆள் நிக்கிறதுக்கோ?" என்று கேட்டாள். மகன் சிரித்தான். அச்சின் முனைகளிற் பூட்டி, படிக்கட்டுக் கம்பிகளின்மேல் வழுக்கிச் செல்வதற்கானவை அவை என்று விளக்கினான். விளக்கம் அவளுடைய பயத்தைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை. அவள் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பின்னால பிடிக்க ஒண்டுமில்லையே அண்ணா" என்றாள்.

"ஏன் பிடிக்கோணும்?" என்றான் பிள்ளை.

அவள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் இறங்கி நடந்தபோது அவளுக்கு 15 வயது. என் சைக்கிளின் கரியரில் அரிசி மூட்டை, பாரில் துணிப்பை, ஹாண்டிலின் இரு பக்கமும் சட்டிபானை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அந்த நெரிசலில் ஓட இடமில்லை; உருட்டத்தான் முடிந்தது. கூட்டத்திற் கை விடுபட்டால் தேட முடியாது என்பதால், "கரியரை விடாதை பிள்ளை" என்று அம்மா அவளுக்குச் சொல்லியிருந்தார். விடியும்வரை அவள் விடவில்லை.

அந்தக் கதையை அவனுக்கு ஒருநாள் சொல்லத்தான் வேண்டும். புதுச் சைக்கிள் பூட்டுகின்ற நாள் அதற்குரிய நாளல்ல. ஏன் பிடிக்கவேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடிய நிலைமைக்காகத்தான் எங்கள் பெற்றோர் அவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். சாமான் ஏற்ற முடியாத ஒரு சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதில் அவன் மட்டும்தான் ஏறலாம்.

முதல் ஓட்டத்துக்கு முன்னர் செய்யவேண்டிய சோதனைகள் எஞ்சியிருந்தன. முன்சில்லை முழங்கால்களுக்கிடையிற் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை முறுக்கிப் பார்க்கவேண்டும், அசையக்கூடாது. ரயரின் பக்கத்திற் பொறிக்கப்பட்டுள்ள அளவுக்கே காற்றடிக்கவேண்டும். சைக்கிளை நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் தூக்கிக் கைவிட்டால், ரயரின் ஓசை மாத்திரம் கேட்கவேண்டும். வேறேதும் கிலுகிலுத்தால் எங்கோ ஒரு நட்டு இறுகவில்லை. இறுதியாக பிறேக். கைப்பிடியை அழுத்தியபடி சைக்கிளை முன்னே தள்ளினால் சில்லு உருளக்கூடாது.

இந்தக் கடைசிச் சோதனையை நான் தங்கையிடம் விட்டேன். அவள் முன் பிறேக்கைப் பிடித்துத் தள்ளினாள். பின் பிறேக்கைப் பிடித்துத் தள்ளினாள். பிறகு தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தள்ளினாள். சைக்கிள் அசையவில்லை. "நாளைக்குக் காலமை 6 மணிக்கு, வாகனம் வரமுந்தி. ஹெல்மெட்டும் சப்பாத்தும் போடவேணும். ஒழுங்கை முகப்பு வரைக்கும்தான்" என்றாள். அந்த நான்கு குழாய்களும் அலுமாரிக்குள் போயின. அவன் மறுத்துப் பேசவில்லை. ஹெல்மெட்டை அப்போதே தலையில் மாட்டியிருந்தான்.

புதுச் சைக்கிளின் பிறேக் கம்பிகள் முதற் சில நாட்களில் சற்று நெகிழும், நட்டுகளும் தளரும். ஒரு கிழமையில் மீண்டும் எல்லாவற்றையும் இறுக்கவேண்டும். நான் வருகிறேன் என்றேன். "நீங்கள் வரத் தேவையில்லை அண்ணா, ஸ்பனரை இஞ்ச வைச்சிட்டுப் போங்கோ" என்று சொல்லிய தங்கை, இடப்பக்கப் பெடல் எந்தத் திசையில் இறுகும் என்பதை என்னிடம் கேட்டு, ஒரு கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டினாள்.