வடியாத வெள்ளம்

வெள்ளம் என்றால் வரும், நாலைந்து நாள் நிற்கும், வடிந்துவிடும். அதுவரை சோற்றுப் பொட்டலம், பாய், போர்வை, பழைய துணி கொடுத்தால் போதும். அப்புறம் அவரவர் வீட்டைக் கழுவிவிட்டுப் பழைய பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். தெற்கு சூடானில் உள்ள பென்டியூவைப் பற்றிப் படிக்கும்வரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே தண்ணீர் வடியவே இல்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தெற்கு சூடான் சுதந்திரம் பெற்றது 2011 ஜூலை 9-ல். இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை, 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர். எண்ணெய் வயல்களுக்குப் பக்கத்தில் இருந்த பாவத்துக்கு, பென்டியூ 2014-ல் இரு தரப்புக் கைகளுக்கும் மாறி மாறிப் போனது. உயிருக்குப் பயந்த ஜனங்கள் ஐ.நா. அமைதிப்படை முகாமுக்குள் ஓடிவந்தார்கள். அதுவோ தாழ்வான இடம். அந்த வருஷ மழையில், முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில், குழந்தையைக் கையில் ஏந்தியபடி நின்றுகொண்டே தூங்கியவர்கள் உண்டு. வெளியே போனால் துப்பாக்கி, உள்ளே இருந்தால் தண்ணீர்!

2018 செப்டம்பரில் சமாதான ஒப்பந்தம் ஆனது. சரி, ஊர் திரும்பலாம் என்று பார்த்தால் 2019 முதல் வருஷா வருஷம் வெள்ளம். உள்ளூர் மழை மட்டும் காரணமில்லை. 2020-ல் விக்டோரியா ஏரி அதுவரை பதிவாகாத உயரத்தைத் தொட்டது. அந்தத் தண்ணீர் வெள்ளை நைல் வழியாக மாதக்கணக்கில் நகர்ந்து வந்து, சுத் என்கிற பிரம்மாண்டமான சதுப்பு நிலத்தில் பரவுகிறது. நிலமோ தாம்பாளம் மாதிரித் தட்டை. ஒரு வருஷத் தண்ணீர் வடிவதற்குள் அடுத்த வருஷத் தண்ணீர் வந்துவிட்டது.

2022-ல் பென்டியூ ஒரு தீவு. சுற்றிலும் மண்கரை. கரைக்கு வெளியே இருந்த நீர்மட்டம் முகாமின் தரையைவிட உயரம். பாகிஸ்தானிலிருந்து வந்த அமைதிப்படைப் பொறியாளர்களும் முகாம் ஜனங்களும் மண் போட்டுப் போட்டு அந்தக் கரையைக் காத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

உயிர் தப்பியாயிற்று... பிழைப்பு?

அந்தப் பகுதியில் அதிகம் இருப்பவர்கள் நுவேர் மக்கள். அவர்களுக்கு மாடு வெறும் சொத்து இல்லை. கல்யாணம் மாடு கொடுத்துத்தான். கொலைப் பகை தீர்ப்பதும் மாடு கொடுத்துத்தான். காளையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொள்வதில் ஆண்களுக்குப் பெருமை. (மானுடவியல் படிக்கிறவர்களுக்கு இவான்ஸ்-பிரிட்சர்ட் 1940-ல் வெளியிட்ட 'நுவேர்' புத்தகம் ஞாபகம் வரலாம்.) மேய்ச்சல் நிலம் மூழ்கியதில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சோளம் விதைக்கக் காய்ந்த மண் இல்லை. பெண்கள் தண்ணீரில் இறங்கி அல்லிக் கிழங்கும் விதையும் பறித்து வந்து பசியாற்றினார்கள்.

நிவாரண அமைப்புகள் தூண்டில் முள்ளும் வலை நூலும் கொடுத்தன. தேங்கிய தண்ணீரில் நெல் போட்டும் பார்த்தார்கள். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். "மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு" என்று நாமும் மேடையில் கைதட்டல் வாங்கியிருக்கிறோமே! ஆனால் நுவேர்களுக்கு மீன் பிடிக்கத் தெரியாதா என்ன? கோடையில் ஆற்றோரம் பட்டி போடும்போது பிடிப்பவர்கள்தான். மாடு வைத்திருப்பவன் மீன் பிடிப்பது வேறு, மாடெல்லாம் போய் மீனே கதி என்றாவது வேறு. மகனுக்குப் பெண் கேட்டுப் போகும்போது எத்தனை மீன் தருவதாகச் சொல்வது?

மீனையும் கொடுக்க முடியாத நிலைமை வந்தது. 2022 ஜூனில், பணம் போதவில்லை என்று உலக உணவுத் திட்டம் அந்த நாட்டில் 17 லட்சம் பேருக்கான உதவியை நிறுத்திவைத்தது. (அதே வருஷம் உலகத்தின் கவனம் உக்ரைன் பக்கம் இருந்தது.)

இதையெல்லாம் தேடிப் படித்தபோது, நிவாரணப் பட்டியலில் மிஞ்சிய மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலையும் இருந்தது. மனுஷனுக்கே சோறு இல்லை, மாட்டுக்கு ஊசியா என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது அந்த ஊசிக்கு யாராவது பணம் கேட்டால், அரிசிக்குக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பேன்.